பழைய வீடுகளில் காரீய வண்ணப்பூச்சு

காரீய வண்ணப்பூச்சு என்பது காரீயத்தின் சேர்மங்களை நிறத்துக்காகவோ, விரைவாக உலர்வதற்காகவோ, துருப்பிடிக்காமல் இருப்பதற்காகவோ கலந்து தயாரிக்கப்பட்ட எண்ணெய்ப் பூச்சு. தமிழ்நாட்டு வீடுகளில் இது பெரும்பாலும் 'எனாமல் பெயின்ட்' என்ற பெயரில் கதவு, நிலை, ஜன்னல் கம்பி, இரும்புக் கட்டில், பீரோ, தொட்டில், நடைவண்டி ஆகியவற்றில் இடம்பெற்றது. இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்டில் காரீயத்தின் அளவுக்கு 2017 நவம்பர் 1 முதல்தான் சட்டப்படியான வரம்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட வண்ணம் இன்றும் பழைய வீடுகளில் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டியுள்ள மம்சாபுரம் போன்ற பேரூர்களில் ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டும் புதுப்பிக்கப்பட்டும் வரும் இக்காலத்தில், அந்தப் பழைய பூச்சைச் சுரண்டுவதும் எரிப்பதும் குழந்தைகளின் உடல்நலத்தோடு நேரடியாகத் தொடர்புடைய செயல்கள்.

சொல்லும் பொருளும்

தமிழில் 'ஈயம்' என்ற சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தைச் சார்ந்தவை. வெள்ளீயம் சமையலுக்கு ஏற்ற உலோகமாகக் கருதப்படுவது. காரீயம் நஞ்சு. சித்த மருத்துவம் இவற்றை வெள்வங்கம், கருவங்கம் என்று பிரித்துப் பெயரிட்டது. காரீயத்தின் ஆக்சைடான மிருதாரசிங்கியும் அம்மருத்துவத்தில் அறியப்பட்ட பொருள். அன்றாடப் பேச்சில் இந்த வேறுபாடு மங்கிவிட்டது. 'ஈயம் கலந்த பெயின்ட்' என்று கேட்பவருக்கு அது அச்சம் தரும் சொல்லாகப் படுவதில்லை. பென்சிலின் கரியையும் காரீயம் என்று சொல்லும் வழக்கம் குழப்பத்தைக் கூட்டுகிறது. பென்சிலில் இருப்பது கிராஃபைட் என்னும் கரிமம். அதில் காரீயம் இல்லை.

வண்ணப்பூச்சில் பயன்பட்ட காரீயச் சேர்மங்கள் முக்கியமாக நான்கு வகை. வெள்ளைக் காரீயம் பல நூற்றாண்டுகளாக ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசப்பட்டது. செங்காரீயம் இரும்புப் பாலங்களுக்கும் கம்பிகளுக்கும் துருத் தடுப்பாகப் பூசப்பட்டது. காரீயக் குரோமேட் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தைத் தந்தது. அதனுடன் நீலம் கலந்து பச்சை நிறமும் தயாரிக்கப்பட்டது. நான்காவது, எண்ணெய்ப் பூச்சு விரைவில் காய்வதற்காகச் சேர்க்கப்படும் காரீய உலர்த்தி. இதனால் வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை என எந்த நிற எனாமலிலும் காரீயம் இருக்க வாய்ப்புண்டு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை ஆகியவற்றில் அளவு கூடுதலாக இருப்பது வழக்கம். இங்கு ஒரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். கம்பிகளுக்கு முதல் பூச்சாக அடிக்கப்படும் 'ரெட் ஆக்சைடு' பொதுவாக இரும்பு ஆக்சைடு. நிறத்தில் ஒத்திருந்தாலும் அது செங்காரீயம் அன்று.

சுண்ணாம்பிலிருந்து எனாமலுக்கு

தென்மாவட்டங்களின் மரபான வீட்டில் சுவருக்குப் பூசப்பட்டது சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பில் நீலமும் பசையும் கலந்து ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பார்கள். சுவரின் அடிப்பகுதிக்கும் திண்ணைக்கும் காவி பூசப்படும். காவியின் செம்மை இரும்பு ஆக்சைடால் வருவது. மரக்கதவுகளுக்கு எண்ணெய் தேய்ப்பது வழக்கம். இவற்றில் எதிலும் காரீயம் சேர்க்கப்படுவதில்லை. பின்னர் வந்த டிஸ்டெம்பர், சிமென்ட் பூச்சு ஆகியவையும் தண்ணீரில் கரைப்பவை. அவற்றில் காரீயம் எனாமலில் இருந்த அளவுக்கு இருந்ததில்லை.

காரீயம் வீட்டுக்குள் வந்த வழி எண்ணெய்ப் பெயின்ட். இந்தியாவில் பெரிய அளவிலான பெயின்ட் உற்பத்தி 1902-ல் கல்கத்தாவை அடுத்த ஹவுராவில் ஷாலிமார் தொழிற்சாலையுடன் தொடங்கியது. ரயில்வே, கப்பல், பாலம், அரசுக் கட்டடம் ஆகியவை ஆரம்பகால வாடிக்கையாளர்கள். இரண்டாம் உலகப்போரின்போது இறக்குமதி தடைப்பட்டபோது உள்நாட்டு நிறுவனங்கள் வளர்ந்தன. ஏசியன் பெயின்ட்ஸ் 1942-ல் பம்பாயில் தொடங்கப்பட்டது. விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் சிறிய டப்பாக்களில் அடைக்கப்பட்ட எனாமல் சிற்றூர்களின் இரும்புக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது.

எனாமலுக்கு ஒரு சமூக மதிப்பு இருந்தது. சுண்ணாம்பு ஆண்டுக்கொரு முறை உதிரும். எனாமல் பல ஆண்டுகள் பளபளக்கும், துடைத்தால் சுத்தமாகும். வீட்டில் கல்யாணம், கிரகப்பிரவேசம், பொங்கல் என்று விசேஷம் வரும்போது கதவுக்கும் கம்பிக்கும் எனாமல் அடிப்பது வசதியின் அடையாளமாயிற்று. பழைய பூச்சின் மேலேயே புதிய பூச்சு அடிக்கப்பட்டது. இதனால் ஐம்பது ஆண்டுப் பழமையுள்ள ஒரு கதவில் பல அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பது இயல்பு. மீந்த எனாமல் மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கொம்புக்கும் போயிற்று. மாடுகள் ஒன்றையொன்று நக்கும் பழக்கம் உடையவை. காரீய நஞ்சு கால்நடை மருத்துவத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று.

அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளைப் பற்றிய எச்சரிக்கைகள் உட்சுவர்களையே முதன்மையாகப் பேசுகின்றன. அங்கு சுவர்களும் எண்ணெய்ப் பெயின்டால் பூசப்பட்டதே காரணம். தமிழ்நாட்டு வீட்டில் தேட வேண்டிய இடம் வேறு. கதவு நிலையில் உரசும் விளிம்பு, குழந்தை நின்று பிடித்துக்கொள்ளும் ஜன்னல் கம்பி, வாசல் கிரில், தொட்டில் கட்டை ஆகியவையே இங்கு முதலில் கவனிக்க வேண்டியவை.

பிரிஸ்பேன் தாழ்வாரங்கள்

காரீயப் பெயின்டுக்கும் குழந்தைகளின் நோய்க்கும் உள்ள தொடர்பு முதன்முதலில் விரிவாக நிறுவப்பட்டது தமிழ்நாட்டைப் போலவே வெயில் மிகுந்த ஒரு நிலத்தில்தான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1890-களில் மருத்துவர் ஜெஃப்ரிஸ் டர்னர் குழந்தைகளிடம் காரீய நஞ்சின் அறிகுறிகளைக் கண்டார். காரீயம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை. கண் மருத்துவரான லாக்ஹார்ட் கிப்சன் 1904-ல் விடையை வெளியிட்டார். மரவீடுகளின் தாழ்வாரக் கைப்பிடிகளிலும் சுவர்களிலும் பூசப்பட்ட பெயின்ட் வெயிலில் பொடியாகி, விளையாடும் குழந்தைகளின் கைகளில் ஒட்டுகிறது. நகம் கடிக்கும், விரல் சூப்பும் குழந்தைகளின் வாய்க்குள் அது போகிறது என்று அவர் காட்டினார்.

குயின்ஸ்லாந்து 1922-ல் குழந்தைகளுக்கு எட்டும் இடங்களில் காரீயப் பெயின்டைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றியது. பிரான்ஸ் 1909-லேயே வெள்ளைக் காரீயத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்திருந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-ல் ஜெனீவாவில் நிறைவேற்றிய உடன்படிக்கை கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளைக் காரீயம் பூசுவதைத் தடை செய்தது. பெயின்டர்களைக் காப்பதே அதன் நோக்கம்.

அமெரிக்கா நெடுங்காலம் தயங்கியது. 1979-ல் ஹெர்பர்ட் நீடில்மன் வெளியிட்ட ஆய்வு திருப்புமுனையாக அமைந்தது. பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அவற்றில் உள்ள காரீயத்தை அளந்த அவர், வெளிப்படையான நோய் எதுவும் இல்லாத குழந்தைகளிடமும் காரீயம் கூடக்கூட அறிவுத்திறன் குறைவதையும் வகுப்பில் கவனம் சிதறுவதையும் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டான 1978-ல் அமெரிக்கா வீட்டுப் பெயின்டில் காரீயத்தைத் தடை செய்து 600 பி.பி.எம் என்ற வரம்பை விதித்தது. 2009-ல் அது 90 பி.பி.எம் ஆகக் குறைக்கப்பட்டது. பி.பி.எம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இந்தியச் சட்டத்தில் காரீயம்

இந்தியச் சட்டம் காரீயத்தை அறியாமல் இருந்ததில்லை. அது முதலில் அறிந்தது தொழிற்சாலைக் காரீயத்தை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களைப் பட்டியலிட்டது. அதில் முதலாவதாக இருந்தது காரீய நஞ்சேற்றம். ஆலைக்குள் வேலை செய்பவரைப் பற்றிக் கவலைப்பட்ட அந்தச் சட்டத்துக்கு, ஆலையிலிருந்து டப்பாவில் வெளியேறி வீட்டுக் கதவில் ஒட்டிக்கொண்ட காரீயத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. பெயின்டுக்கான இந்தியத் தர நிர்ணயங்கள் பின்னர் காரீய வரம்பைக் குறிப்பிட்டன. ஆயினும் அவை உற்பத்தியாளர் விரும்பினால் ஏற்கக்கூடியவையாகவே இருந்தன.

பெங்களூரில் தொடங்கிய கணக்கு

இந்தியக் குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பெரிய அளவில் கணக்கெடுத்தது ஜார்ஜ் அறக்கட்டளை. ஆபிரகாம் ஜார்ஜ் நிறுவிய இந்த அமைப்பு 1990-களின் இறுதியில் சென்னை, வேலூர், பெங்களூர், ஹைதராபாத், மும்பை, கல்கத்தா, டெல்லி ஆகிய நகரங்களில் 20,000-க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தது. சோதிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம், அன்று அபாய எல்லையாகக் கருதப்பட்ட டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற அளவைவிட அதிகமாகக் காரீயம் இருந்தது.

1999 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் இம்முடிவுகள் முன்வைக்கப்பட்டன. இந்தியப் பெயின்ட் மாதிரிகள் சிலவற்றில் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் காரீயம் இருப்பதும் அப்போது தெரியவந்தது. 10 சதவீதம் என்பது 1,00,000 பி.பி.எம். இன்றைய சட்ட வரம்பைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ் தலைமையில் காரீய நஞ்சேற்றத்துக்கான தேசிய ஆலோசனை மையம் உருவானது. அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தியாவில் காரீயம் பற்றிய பேச்சை உயிர்ப்புடன் வைத்திருந்தவர்களில் அவர் முதன்மையானவர்.

காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. காற்றிலிருந்த காரீயம் குறைந்தது. குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் மறைந்துவிடவில்லை. சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 பள்ளிக் குழந்தைகளிடம் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் இணைந்து நடத்திய ஆய்வு 2009-ல் வெளியானது. இரத்தக் காரீயத்தின் சராசரி 11.4 மைக்ரோகிராம். காரீயம் அதிகமுள்ள குழந்தைகளிடம் பதற்றம், பிறருடன் பழகுவதில் சிக்கல், கவனக்குறைவு ஆகியவை கூடுதலாக இருப்பதாக அவர்களின் ஆசிரியர்கள் அளித்த மதிப்பீடுகள் காட்டின. சேட்டைக்காரப் பிள்ளை, மந்தமான பிள்ளை என்று வகுப்பறை முத்திரை குத்தும் குழந்தைகளில் சிலரது நிலைக்குக் காரணம் இரத்தத்தில் இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

2016 விதிகள்

டெல்லியைச் சேர்ந்த டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு 2007 முதல் கடைகளில் விற்கும் பெயின்டை வாங்கிச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வந்தது. 2009-ல் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டு வேதிப்பொருள் மாநாடு பெயின்டிலுள்ள காரீயத்தை உலகளாவிய பிரச்சினையாக ஏற்றது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டமும் உலக சுகாதார நிறுவனமும் இதற்கெனக் கூட்டணி அமைத்தன. பெரிய இந்திய நிறுவனங்கள் சில சட்டத்துக்கு முன்பே காரீயத்தைக் கைவிடத் தொடங்கின.

மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 நவம்பர் 1 அன்று, 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்டுகளுக்கான காரீய விதிகளை வெளியிட்டது. 90 பி.பி.எம்-க்கு மேல் காரீயம் உள்ள வீட்டுப் பெயின்டைத் தயாரிப்பதும் விற்பதும் இறக்குமதி, ஏற்றுமதி செய்வதும் தடை செய்யப்பட்டன. டப்பாவில் இதனைக் குறிப்பிட வேண்டும். ஓராண்டு அவகாசத்துக்குப் பின் விதிகள் நடைமுறைக்கு வந்தன. கிப்சனின் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 113 ஆண்டுகள்.

விதிகளுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பெயின்டுகள் இவற்றில் அடங்கவில்லை. சிறு உற்பத்தியாளர்களின் பெயின்டுகள் சில வரம்பை மீறுவதைப் பிந்தைய சோதனைகள் காட்டியுள்ளன. அதைவிடப் பெரிய எல்லை, விதிகள் புதிய டப்பாவை மட்டுமே கட்டுப்படுத்துகின்றன என்பது. அமெரிக்காவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் காரீயப் பூச்சு பற்றித் தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. 2010 முதல் அங்கு பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரர்கள் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். 2016 விதிகளில் ஏற்கெனவே பூசப்பட்ட பெயின்டைப் பற்றி இத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.

விருதுநகர் மாவட்டத்தில் காரீயம் சட்டத்தின் கவனத்துக்கு வந்தது வேறொரு பொருளின் வழியாக. 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் காரீயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது. சிவகாசியில் இது கடைப்பிடிக்கப்படுவதை உறுதிசெய்யும் பொறுப்பை வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைத்தது. ஒரே ஆண்டில் பட்டாசும் பெயின்ட் டப்பாவும் காரீயத் தடைக்குள் வந்தன. பழைய வாசல்கதவு வரவில்லை.

உடலில் காரீயம்

உண்ட காரீயத்தைப் பெரியவர்களின் உடலைவிடச் சிறு குழந்தையின் உடல் 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உடல் காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி ஏமாறுகிறது. இதனால் அது எலும்பில் படிந்து பல பத்தாண்டுகள் தங்குகிறது. கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து வெளியேறிக் கருவைச் சென்றடைகிறது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடல் காரீயத்தைக் கூடுதலாக ஏற்கும். இரத்தசோகை பரவலாக உள்ள தமிழ்நாட்டில் இது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. சத்துணவுத் திட்டத்தின் முட்டையும் கீரையும் பயறும், பள்ளிகளில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையும் இவ்வகையில் ஓரளவு காப்பாகின்றன.

குறைந்த அளவுக் காரீயத்துக்கு வெளிப்படையான அறிகுறி கிடையாது. இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் காரீயம் வரும் வழியைக் கண்டறிந்து நீக்க வேண்டும் என்று அது 2021-ல் பரிந்துரைத்தது. யுனிசெஃப் 2020-ல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் இந்த அளவையோ அதற்கு மேலோ எட்டியிருந்தது. அவர்களில் சுமார் 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். இவர்களுக்குக் காரீயம் வரும் வழிகள் பல. பழைய பேட்டரிகளை உருக்கும் பட்டறைகள், கலப்பட மசாலாப் பொருள்கள், சிலவகைப் பாத்திரங்கள் ஆகியவற்றுடன் பெயின்டும் ஒன்று.

பழைய பூச்சைக் கையாளுதல்

உரியாத, உதிராத பழைய பூச்சு உடனடி ஆபத்தன்று. அதைத் தூசியாக மாற்றும் வேலைதான் ஆபத்து. பெயின்ட் வேலையின் வழக்கமான முதற்படி, பழைய பூச்சைச் சுரண்டி உப்புத்தாளால் உலர்வாகத் தேய்ப்பது. பல அடுக்குகள் தடித்திருந்தால் தீச்சுவாலை காட்டி உரிப்பதும் உண்டு. முதலாவது நுண்ணிய காரீயத் தூசியையும் இரண்டாவது காரீயப் புகையையும் உண்டாக்கும். தூசி தரையிலும் பாயிலும் முற்றத்து மண்ணிலும் படிகிறது. காரீயம் மட்குவதில்லை, ஆவதெல்லாம் இடமாற்றம் மட்டுமே. பெயின்டரின் சட்டையில் ஒட்டிய தூசி அவருடைய வீட்டுக்குப் போய் அவர் பிள்ளைகளையும் சேர்கிறது.

இதுவரையான அனுபவத்திலிருந்து பல நாடுகளில் ஏற்கப்பட்ட நடைமுறைகள் எளியவை.

2017-க்கு முன் அடித்த எனாமல் எதுவாயினும் அதில் காரீயம் இருப்பதாகவே கொள்ள வேண்டும். பூச்சு உறுதியாக இருந்தால் சுரண்டாமல் அதன் மேலேயே 90 பி.பி.எம் குறிப்புள்ள புதிய பூச்சை அடிக்கலாம். கதவு நிலையில் உரசினால் கீலைச் சரிசெய்து உரசலை நிறுத்த வேண்டும்.

தேய்த்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்க வேண்டும். கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய், கீழே தார்ப்பாய் விரித்துச் செய்வது நல்லது. தீச்சுவாலையும் மின்விசைத் தேய்ப்பானும் கூடாது. வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் குழந்தைகள் சூழ நடக்கும் சுரண்டல் வேலை இதற்கு நேர் எதிரானது.

தூசியைத் துடைப்பத்தால் பெருக்கினால் அது மீண்டும் காற்றில் எழும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியையும் சுரண்டிய சில்லுகளையும் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். தொழிலாளி தூசியை வடிகட்டும் முகக்கவசம் அணிந்து, சாப்பிடுவதற்கு முன் கைகழுவி, வீட்டுக்குப் போகுமுன் சட்டையை மாற்ற வேண்டும்.

இடித்த வீட்டின் பெயின்ட் அடித்த மரத்தை விறகாக்கக் கூடாது. சிற்றூர்களில் பழைய நிலையும் சட்டமும் வெந்நீர் அடுப்புக்குப் போவது வழக்கம். எரித்தால் காரீயம் புகையிலும் சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலே பாத்திரம் துலக்கவும் பயன்படும்.

மதிப்பீடு

காரீயப் பெயின்டின் வரலாறு, அறிவு இல்லாததால் நேர்ந்த தீங்கின் வரலாறன்று. 1904-ல் தெரிந்த ஒன்று 1921-ல் பன்னாட்டு உடன்படிக்கையாகி, 1999-ல் இந்தியக் குழந்தைகளின் இரத்தத்தில் அளக்கப்பட்டு, 2017-ல் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் கவனம் முதலில் தொழிலாளியிடமும், பின்னர் புதிய பொருளிடமும் சென்றது. ஏற்கெனவே வீட்டில் இருப்பதன்மேல் கவனம் கடைசியாகவே வருகிறது. சுண்ணாம்பும் காவியும் பூசிய தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. எனாமல் பூசிய தலைமுறை நல்லெண்ணத்தோடு, வீடு அழகாக இருக்க வேண்டும் என்றே பூசியது. மம்சாபுரம் போன்ற ஊர்களில் அவ்வீடுகள் இப்போது பேரப்பிள்ளைகளின் கைக்கு வருகின்றன. பழைய கதவை ஈரமாகத் தேய்ப்பதா உலர்வாகத் தேய்ப்பதா, இடித்த நிலைச்சட்டத்தை அடுப்பில் வைப்பதா வேண்டாமா என்ற சிறு முடிவுகளை எடுப்பவர்கள் அவ்வூர்களின் பெயின்டர்களும் கொத்தனார்களும் வீட்டாரும்தான். அந்தத் தகவல் அவர்களுக்குத் தமிழில் சென்று சேர்வதே இவ்வரலாற்றில் மிஞ்சியிருக்கும் பணி.